லெச்சுமியா, லட்சுமியா? பெயர் மாறிய ஆவணங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

மலேசியாவில் பெயரும் ஆவணமும் தொடர்பாக வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம், பெயர்களை வெளியிடவில்லை.

என் பிறப்புப் பத்திரத்தில் பெயர் எல்-இ-டி-சி-எச்-யு-எம்-ஒய் என்று இருக்கிறது. ஐசியில் (அடையாள அட்டையில்) எல்-இ-சி-எச்-யு-எம்-ஐ. முதலில் வேலை செய்த தொழிற்சாலை இபிஎஃப்-க்கு (ஊழியர் சேம நிதிக்கு) அனுப்பிய பெயரோ எல்-ஏ-கே-எஸ்-எச்-எம்-ஐ. எனக்கு 57 வயது. பெயர் மாற்றச் சத்தியப் பிரமாணம் ஒன்று எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா?
– பட்டர்வொர்த் வாசகி

எடுக்காதீர்கள், அம்மா. உங்கள் பெயர் மாறவே இல்லை. ஒரே பெயரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். பிறந்தபோது தோட்டத்துக் கிராணியோ ஆஸ்பத்திரி குமாஸ்தாவோ தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஐசி எடுத்தபோது இன்னொருவர் தனக்குத் தெரிந்தபடி எழுதினார். நம் மக்களிடம் இது மிகவும் சாதாரணம். முனியாண்டி, சுப்பிரமணியம், சரஸ்வதி, கிருஷ்ணன் ஆகிய பெயர்களில் எழுத்துக் குழப்பம் இல்லாத குடும்பத்தைப் பார்ப்பதே அரிது.

பெயர்ச் சிக்கலில் மூன்று வகை உண்டு. முதலாவது திருத்தம்: பதிவு செய்தபோது நேர்ந்த பிழையைச் சரிசெய்வது. இரண்டாவது மாற்றம்: ஒரு பெயரை விட்டுவிட்டு வேறு பெயரை ஏற்பது. மூன்றாவது, எந்த ஆவணத்தையும் தொடாமல், இவை அனைத்திலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று உறுதி சொல்வது. மூன்றுக்கும் சத்தியப் பிரமாணம் தேவைப்படலாம். மலாயில் மூன்றையுமே அக்குவான் பெர்கானுன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் உள்ளே எழுத வேண்டிய வாசகம் வேறு வேறு. இதைக் கவனிக்காமல் கடையில் இருக்கும் மாதிரித் தாளில் பெயரை மட்டும் நிரப்பிக் கொடுப்பதால்தான் பாதிப் பிரச்சினை.

பெயர் மாற்றப் பிரமாணத்தில், பழைய பெயரை அறவே கைவிட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்கிறீர்கள். உறுதிப் பிரமாணத்தில், இந்த மூன்று பெயரும் என்னைத்தான் குறிக்கின்றன என்று சத்தியம் செய்கிறீர்கள். ஒன்று அறுக்கிறது, மற்றது கட்டுகிறது. உங்களுக்கு வேண்டியது கட்டும் உறுதிப் பிரமாணம்தான். கைவிட்டேன் என்று எழுதிக் கொடுத்த பெயரிலேயே நாளைக்கு இபிஎஃப் பணத்தைக் கேட்டால், கவுண்டரில் இருப்பவர் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இனி வரிசையாகச் செய்யுங்கள். இபிஎஃப் பெயரைச் சரிசெய்ய மைகார்டை (இன்றைய ஐசி அட்டையை) எடுத்துக்கொண்டு நேராக அவர்களின் கவுண்டருக்குப் போங்கள். அட்டையில் உள்ளபடி கணக்கில் மாற்றச் சொல்லுங்கள். ஐசி எண் ஒத்துப்போனால் வேலை சுலபம். அந்தக் கணக்கு பழைய 7 இலக்க எண்ணில் திறக்கப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். 12 இலக்க எண் 1990-இல்தான் வந்தது. அதற்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்களின் கணக்குகளில் பழைய எண் தங்கியிருப்பதுண்டு.

பிறப்புப் பத்திரத்துக்கும் ஐசிக்கும் உள்ள வேறுபாட்டை யோசித்துத்தான் தொட வேண்டும். தேசியப் பதிவிலாகாவில் கேட்டு ஐசியைப் பிறப்புப் பத்திரத்துக்கு ஏற்ப மாற்றலாம். ஆனால் திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், வீட்டுக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்), வங்கி, காப்புறுதி ஆகிய எல்லாவற்றிலும் ஐசியில் உள்ள எழுத்துகளே இருந்தால், ஒன்றைச் சரிசெய்யப் போய்ப் பத்தைக் கலைத்ததாகிவிடும். எந்த எழுத்துமுறையில் அதிக ஆவணங்கள் இருக்கின்றனவோ அதை அப்படியே விடுங்கள். உங்கள் வயதில், ஐசியைத் தொடாமல் பிறப்புப் பத்திரத்துக்கு மட்டும் ஓர் உறுதிப் பிரமாணம் வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை.

அந்தப் பிரமாணத்தில் எழுத வேண்டியவை: ஐசியில் உள்ள முழுப் பெயர், 12 இலக்க எண், இருந்தால் பழைய எண், முகவரி. பிறகு ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பத்தி: ஆவணத்தின் பெயர், அதன் எண், வழங்கிய தேதி, அதில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்பது. புள்ளி, இடைவெளி, ஏ/பி, டி/ஓ (மகள் என்பதன் மலாய், ஆங்கிலச் சுருக்கங்கள்) எல்லாம் அசலில் உள்ளபடியே இருக்க வேண்டும். நீங்களே திருத்தி எழுதக்கூடாது. வேறுபாடு எப்படி வந்தது என்று ஒரு வரி. இவை அனைத்தும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று ஒரு வரி. கடைசியில், 1960-ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி இதைச் செய்கிறேன் என்ற வாசகம் கட்டாயம் வேண்டும். அது இல்லாத தாள் வெறும் கடிதம்தான். ஆவண நகல்களை ஏ, பி, சி என்று குறியிட்டு இணையுங்கள்; சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை ஒவ்வொரு நகலிலும் விழட்டும்.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பெசுருஜாயா சும்பா என்று பலகை மாட்டியிருக்கும் சத்தியப் பிரமாண ஆணையரின் முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். அசல் மைகார்ட் கையில் இருக்க வேண்டும். தட்டச்சுப் பிழை இருந்தால் அடித்துத் திருத்தாமல் அந்தப் பக்கத்தைப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அசல் பிரதிகள் செய்துகொள்வது நல்லது. சில அலுவலகங்கள் அசலை வாங்கி வைத்துக்கொள்ளும்.

எனக்கு 34 வயது. பெயரை முழுமையாக மாற்றிக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். காரணம் குடும்ப விவகாரம். எங்கே தொடங்குவது? பிறப்புப் பத்திரமும் மாறுமா?
– செந்தூல் வாசகர்

1990-ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிமுறைகளில் 14-ஆம் விதி உங்களுக்கு உரியது. அதன்படி நீங்கள் கொடுக்கும் சத்தியப் பிரமாணத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். பழைய பெயரை முற்றாகத் துறந்து கைவிட்டதாக ஒன்று. அதற்குப் பதிலாக இந்தப் புதிய பெயரை ஏற்றுக்கொண்டதாக இன்னொன்று. மாற்றியதற்கான காரணம் மூன்றாவது. காரணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அல்லது 'சொந்தக் காரணம்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். குடும்பத்தின் உள்விவகாரத்தையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் படிப்பவருக்குப் புரியும்படி இரண்டு வாக்கியமாவது எழுதுங்கள். எழுதுவது உண்மையாகவும் இருக்க வேண்டும். பொய்ப் பிரமாணம் தண்டனைக்குரிய குற்றம்.

வழக்கறிஞரிடம் டீட் போல் எனப்படும் பெயர் மாற்றப் பத்திரம் செய்துகொள்வோரும் உண்டு. வெளிநாட்டில் படிப்பு, வேலை என்று போகும் எண்ணம் இருந்தால் அது உதவும். அந்நாட்டு அலுவலகங்களுக்கு அந்தப் பத்திரம் பழக்கமானது. உள்நாட்டுக்குள் மட்டும் என்றால் 14-ஆம் விதி கேட்கும் பிரமாணத்தில்தான் முதலில் கவனம் செலுத்த வேண்டும்.

அசல் பிறப்புப் பத்திரம், மைகார்ட், பிரமாணம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பதிவிலாகாவுக்கு நேரில் போங்கள். பெருவிரல் ரேகை ஒப்பிடப்படும் என்பதால் பதிலாள் அனுப்ப முடியாது. விண்ணப்ப விவரங்களைக் காட்டும்போது, இடமிருந்து வலமாக ஒருமுறையும், கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குத் திரும்பி ஒருமுறையும் படியுங்கள். பழகிய பெயரை முன்னிருந்து படிக்கும்போது, விட்டுப்போன எழுத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். புதிய அட்டை வந்த பிறகு கண்டுபிடித்தால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

உங்கள் 12 இலக்க எண் மாறாது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14), கடைசி நான்கு உங்களுக்கே உரியவை. இறுதி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. இவற்றில் எதுவும் பெயரைச் சார்ந்ததல்ல. பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்துக் கட்டும் கயிறு இந்த எண்தான். ஆகவே எங்கு எழுதினாலும் பெயரோடு எண்ணையும் எழுதுங்கள்.

பிறப்புப் பத்திரம் மாறாது. பிறந்த நாளில் உங்களுக்கு என்ன பெயர் பதிவானதோ அதைச் சொல்லும் சாட்சி அது; 34 வயதில் நீங்கள் எடுத்த முடிவு அந்தப் பதிவைத் தொடாது. பதிவின்போது நேர்ந்த பிழைக்கு மட்டுமே அங்கே திருத்தம் உண்டு. எனவே வாழ்நாள் முழுவதும் உங்களிடம் இரண்டு பெயரில் ஆவணங்கள் இருக்கும். பிறப்புப் பத்திரம் எங்கெல்லாம் கேட்கப்படுகிறதோ அங்கெல்லாம் இணைப்பை நீங்கள் காட்ட வேண்டிவரும். அதனால் பெயர் மாற்றம் பதிவானதை உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பதிவிலாகாவிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். சத்தியப் பிரமாணம் நீங்கள் சொல்வது. அந்தக் கடிதம் அரசு சொல்வது. கவுண்டரில் இரண்டுக்கும் உள்ள மதிப்பு வேறு.

மைகார்ட் வந்த பிறகு முதலில் கடப்பிதழ் (பாஸ்போர்ட்). இருக்கும் கடப்பிதழில் பெயரைத் திருத்த மாட்டார்கள், புதிது எடுக்க வேண்டும். பழையதில் வேறு நாட்டு விசா உயிரோடு இருந்தால், அது புதிய பெயருக்குச் செல்லுமா என்று அந்நாட்டுத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து வங்கி. சம்பளம் விழும் கணக்கையும் நிறுவனத்தின் சம்பளப் பிரிவையும் ஒரே வாரத்தில் மாற்றுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் பணம் திரும்பிப் போகும். பிறகு இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), வருமான வரி, வாகன லைசன்ஸ், கார் கிராண்ட், காப்புறுதி, கைப்பேசி எண். இபிஎஃப்-இலும் காப்புறுதியிலும் உங்களை வாரிசாக நியமித்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். உங்கள் தாயார் நியமனப் பாரத்தில் எழுதியது உங்கள் பழைய பெயர். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

மாற்றம் நடக்கும் அந்த இரண்டு மூன்று மாதங்களில் விமான டிக்கெட் எடுக்காதீர்கள், வீட்டுக் கடனில் கையெழுத்திடாதீர்கள், திருமணப் பதிவுக்கு விண்ணப்பிக்காதீர்கள். விண்ணப்பம் ஒரு பெயரிலும் பத்திரம் இன்னொரு பெயரிலும் வந்துவிட்டால் அவிழ்ப்பது பெரும்பாடு.

பழைய ஐசியின் நகல் ஒன்றை, அட்டையை ஒப்படைக்கும் முன் இரு பக்கமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணமான பிறகு ஐசியில் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டுமா?
– கெப்போங் வாசகி

வேண்டியதில்லை. நம் நாட்டில் திருமணத்தால் ஐசிப் பெயர் மாறுவதில்லை. ஏ/பி என்பதற்குப் பின்னால் தந்தையின் பெயரே தொடரும். கடப்பிதழும் அதையே பின்பற்றும். கணவரோடு உள்ள உறவுக்குத் திருமணப் பத்திரமே சான்று. விசா பாரங்களில் கணவரின் பெயரைக் குடும்பப் பெயராக நிரப்பாதீர்கள். கடப்பிதழில் இல்லாத பெயரை எழுதினால் விசாவும் கடப்பிதழும் ஒத்துப்போகாது.

என் தாயார் 1973-இல் தோட்டத்துக் கோயிலில் திருமணம் செய்துகொண்டார். பதிவு இல்லை. அப்பா காலமாகிவிட்டார். அம்மாதான் மனைவி என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஐந்து பேரின் பிறப்புப் பத்திரத்திலும் அப்பாவின் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.
– நிபோங் தெபால் வாசகர்

முதலில் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லுங்கள். அந்தத் திருமணம் செல்லும். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1-இல். அதற்கு முன் சமய முறைப்படியோ வழக்கப்படியோ நடந்த திருமணங்களை அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. பதிவு இல்லை என்பதற்காக யாரும் உங்கள் தாயாரை மனைவி அல்ல என்று சொல்ல முடியாது. கவுண்டரில் தயக்கம் காட்டினால் இந்தத் தேதியையும் சட்டத்தின் எண்ணையும், அதாவது சட்டம் 164 என்பதையும், ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

செல்லும் என்பது ஒன்று, நடந்தது என்று காட்டுவது இன்னொன்று. திருமணத்துக்கு வந்திருந்த பெரியவர்களில் இப்போது இருக்கும் இருவர் தனித்தனியாகச் சத்தியப் பிரமாணம் செய்யட்டும். எந்தத் தோட்டம், எந்தக் கோயில், எந்த ஆண்டு, தாங்கள் எப்படி உறவு, தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்தோமா என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். 'கணவன் மனைவி என்று எனக்குத் தெரியும்' என்று பொதுவாக எழுதினால் பயன் குறைவு. கல்யாணப் பத்திரிகை, படம், கோயில் நிர்வாகத்தின் கடிதம், தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) குடும்பப் பெயர்கள், இருவரும் ஒரே முகவரியில் இருந்ததைக் காட்டும் பழைய ரசீதுகள் எல்லாம் துணைக்கு வரும். இவற்றில் மிகப் பலமானவை பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள்தான். தாய், தந்தை இருவரின் பெயரும் ஐசி எண்ணும் அரசுப் பதிவில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை அவை.

ஐந்து பத்திரங்களையும் மேசையில் பரப்பி, தந்தையின் பெயருக்குக் கீழே உள்ள ஐசி எண்ணை ஒப்பிடுங்கள். எழுத்து மூன்று விதமாக இருந்தாலும் எண் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. அம்மாவின் பிரமாணத்தில் அந்த மூன்று விதத்தையும் வரிசையாகக் குறிப்பிட்டு, ஒரே ஆள் என்று சொன்னால் போதும். எண்ணும் வேறுபட்டால், அந்தப் பத்திரத்தின் பதிவேட்டுப் பிரதியைப் பதிவிலாகாவில் கேட்டுப் பாருங்கள். சபுத்தான் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். வீட்டில் இருப்பது படியெடுத்த பத்திரம். பதிவேட்டில் சரியாகவே இருக்கலாம்.

அம்மா கைரேகை வைக்கலாம். பிரமாணத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருப்பார்கள். அதை அவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்து விளக்கியதாகவும், அவர் புரிந்துகொண்டு ரேகை வைத்ததாகவும் ஆணையரின் சான்றுப் பகுதியில் ஒரு வாசகம் இருக்க வேண்டும். யார் மொழிபெயர்த்தார் என்பதும் இருக்கட்டும். இந்த வரி இல்லாத பிரமாணத்தை எதிர்த்தரப்பு சுலபமாக உடைத்துவிடும்.

ரப்பர் மரம் வெட்டிய கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். வங்கிக் கருவி படிக்காவிட்டால் பதற வேண்டாம். மைகார்டின் சில்லில் இரண்டு பெருவிரல்களின் பதிவும் இருக்கும். மற்ற விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையைக் கழுவித் துடைத்து, தோல் வறண்டிருந்தால் சிறிது கிரீம் தடவிச் சற்றுப் பொறுத்து வைத்தால் பல முறை படிக்கும்.

அப்பா இபிஎஃப்-இல் அம்மாவை வாரிசாக நியமித்திருந்தால், முஸ்லிம் அல்லாதவர் என்ற முறையில் அந்தப் பணம் நியமிக்கப்பட்டவருக்கே உரியது. அதை முதலில் விசாரியுங்கள். நியமனம் இருந்தால் அங்கே திருமணத்தை நிரூபிக்கும் பாரம் பெரிதும் குறையும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் பெற்றோர் 1982-க்கு முன் கோயிலில் திருமணம் செய்து, இருவரும் நலமாக இருந்தால், அந்தத் திருமணத்தை இப்போதும் பதிவிலாகாவில் விருப்பப் பதிவாகப் பதியலாம். அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. இருவரும் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

தாத்தாவின் நிலக் கிராண்டில் பெயரோடு எஸ்/ஓ என்றும் 7 இலக்க ஐசி எண்ணும் உள்ளன. மரணப் பத்திரத்தில் ஏ/எல், 12 இலக்க எண். ஓர் எழுத்தும் கூடுதலாக இருக்கிறது. இருவரும் ஒருவர்தான் என்று எப்படிக் காட்டுவது?
– புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

எஸ்/ஓ, ஏ/எல் வேறுபாட்டுக்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. ஒன்று ஆங்கிலம், மற்றது மலாய், இரண்டும் மகன் என்பதே. சிக்கல் எண்ணிலும் எழுத்திலும்தான்.

வீட்டில் இருக்கும் கிராண்டை மட்டும் நம்ப வேண்டாம். நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடலுக்கு, அதாவது சாரியான் ரஸ்மிக்கு, பணம் கட்டிப் பதிவேட்டில் உள்ளபடி பெயரையும் எண்ணையும் எடுங்கள். பிறகு பதிவிலாகாவிடம், இந்த 7 இலக்க எண்ணும் இந்த 12 இலக்க எண்ணும் ஒரே ஆளுக்கு வழங்கப்பட்டவை என்று உறுதிக் கடிதம் கேளுங்கள். மரணப் பத்திரத்தையும் உறவைக் காட்டும் பிறப்புப் பத்திரங்களையும் இணைக்க வேண்டும். எண்கள் இரண்டும் சேர்ந்துவிட்டால் அந்த ஓர் எழுத்து பெரிய தடையாக இராது. வாரிசுகளின் சத்தியப் பிரமாணம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மிகப் பழைய கிராண்டுகளில் ஐசி எண்ணே இருக்காது. அடையாள அட்டை இந்நாட்டில் 1948-இல்தான் வந்தது. அப்போது நில வரி, மதிப்பீட்டு வரி ரசீதுகளைத் தேடுங்கள். அதே நிலத்துக்கு அதே பெயரில் ஆண்டுக்கணக்கில் வரி கட்டியவர் யார், அந்த முகவரியில் யார் இருந்தார் என்று அவை பேசும். பழைய டின்னில் கிடக்கும் அந்தத் தாள்களைச் சுத்தம் செய்கிறேன் என்று எரித்துவிட வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

நிர்வாகப் பத்திரத்துக்கோ (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் உத்தரவு) சொத்துப் பங்கீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது, தாத்தாவின் எல்லாப் பெயர் வடிவங்களையும் இரண்டு எண்களையும் முதல் தாளிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். நடுவில் 'என்கிற' என்ற பொருளில் @ போட்டு எழுதுவது வழக்கம். உத்தரவு ஒரே வடிவத்தில் வெளிவந்துவிட்டால், வேறு எழுத்தில் கணக்கு வைத்திருக்கும் வங்கி அதை ஏற்கத் தயங்கும். திருத்த மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் செலவு.

ஐசியில் என் பெயரின் நடுவில் @ இருக்கிறது. இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது அதையும் ஏ/பி-யின் சாய்கோட்டையும் ஏற்பதில்லை.
– பிரிக்பீல்ட்ஸ் வாசகி

கடப்பிதழின் விவரப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 எழுத்திடம். விமான நிலையக் கருவி படிப்பது அவற்றைத்தான். உலகம் முழுவதும் அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், இடம் நிரப்பும் கோணக்குறி ஆகிய மூன்றுக்கு மட்டுமே அனுமதி. @-உம் சாய்கோடும் அங்கே வர முடியாது. மேல்வரியில் முதல் ஐந்து இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போக, பெயருக்கு மிஞ்சுவது 39. நம் பெயரும் தந்தை பெயரும் நீளமாக இருந்தால் கடைசி எழுத்துகள் அங்கே வெட்டுப்பட்டிருக்கும். அது பிழையல்ல.

டிக்கெட்டில் குறிகளை விட்டுவிட்டு அந்த வரியின் எழுத்து வரிசையைப் பின்பற்றுங்கள். போகும் பயணம், திரும்பும் பயணம், இடையில் மாறும் விமானம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். @-ஐ ஐசியிலிருந்தே எடுத்துவிட வேண்டுமானால் அது பெயர் மாற்றம். மேலே செந்தூல் வாசகருக்குச் சொன்ன வழிதான். அந்த இரண்டு பெயரிலும் உங்களுக்கு ஆவணங்கள் இருந்தால் எடுக்காதீர்கள். இரண்டும் நீங்களே என்று ஐசியே சொல்கிறது. அதைவிடப் பலமான சான்றை எந்தப் பிரமாணமும் தராது.

எண்கணிதப்படி மகனின் பெயரில் ஓர் 'ஏ' சேர்க்கச் சொல்கிறார்கள். இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றில் படிக்கிறான்.
– ஆயர் ஈத்தாம் வாசகர்

உங்கள் நம்பிக்கையில் நாங்கள் குறுக்கே வரவில்லை. கையெழுத்திலும் அழைப்பிதழிலும் அந்த எழுத்தைச் சேர்த்துக்கொள்ள எந்த அலுவலகத்தின் அனுமதியும் தேவையில்லை. ஐசியிலும் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்குப் பெயர் பதியும் முன்பே முடித்துவிடுங்கள். சான்றிதழில் அச்சாகும் பெயர் வாழ்நாள் முழுவதும் கூட வரும். பெற்றோர் இருவரும் சம்மதித்துக் கையெழுத்திடுங்கள். மாற்றிய உடனே பள்ளிக்கும் தெரிவியுங்கள். பள்ளிப் பதிவில் பழைய பெயர் இருந்தால் தேர்வுப் பதிவிலும் பழையதே ஏறும்.

பெயர் மாற்றி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எஸ்.பி.எம். சான்றிதழ் பழைய பெயரில். ஆஸ்திரேலியாவில் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். பழைய பெயரை மறைத்துவிடலாமா?
– ஜார்ஜ்டவுன் வாசகர்

கூடாது. வேறு பெயர்களில் அறியப்பட்டிருக்கிறீர்களா என்று விசாப் பாரத்திலேயே கேட்பார்கள். அங்கே இல்லை என்று எழுதி, சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், பெயர் மாற்றியது தப்பில்லை, மறைத்ததுதான் தப்பு என்றாகும். வெளியுறவு அமைச்சின் வழியாக எடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும் இரண்டு பெயரையும் கொடுங்கள்; கட்டணம் 20 ரிங்கிட்.

சான்றிதழில் உள்ள ஐசி எண் உங்கள் இன்றைய எண்தான். அதனோடு பதிவிலாகாவின் உறுதிக் கடிதத்தைச் சேர்த்தால் சங்கிலி முழுமை. மலாயில் உள்ள கடிதங்களுக்குச் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனம் இதைச் செய்து தருகிறது. வெளிநாட்டுக்குப் போகும் பிரமாணத்தை நோட்டரி பப்ளிக் முன் செய்யுங்கள். உள்ளூர் ஆணையரின் முத்திரையை அங்கே ஏற்காமல் போகலாம். பிறகு வெளியுறவு அமைச்சின் சான்றொப்பம் கேட்கப்படுகிறதா என்று வேலை கொடுப்பவரிடம் விசாரியுங்கள்.

அசல்களுக்குப் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறீர்களா? ஒட்டிய தாளின் மேல் முத்திரை பதியாது. ஒட்டியிருந்தால் உரிக்க முயலாதீர்கள், தாள் கிழிந்துவிடும். பிறப்புப் பத்திரத்துக்குப் பதிவிலாகாவில் புதிய சபுத்தானே வாங்கிவிடலாம்; தேர்வுச் சான்றிதழுக்குத் தேர்வு வாரியத்திடம் உறுதிக் கடிதம் கேளுங்கள். இரண்டுக்கும் நாள் பிடிக்கும், விசாப் பாரம் நிரப்பும் முன்பே எழுதிப்போடுங்கள்.